காயம் அடைப்பவனின் கணக்கு

பதினோரு ஆண்டுகள்
அவன் மூலையில் வாளியோடு நின்றேன்.
பஞ்சுக் குச்சி, வாசலைன், அட்ரினலின் குப்பி,
வீக்கத்தை அமுக்க ஐஸில் குளிர்ந்த இரும்புத் துண்டு,
எல்லாம் போனபடியே திரும்பி வந்தன.
குப்பி காலாவதியாகிக் காலாவதியாகி
ஐந்து முறை புதிதாக வாங்கினேன்.
ஆனாலும் எவாரிஸ்தோ கின்தானார்
சண்டை முடிந்த இரவே
நூற்றுக்கு இரண்டு என்ற என் பங்கை
எண்ணிக் கையில் வைத்துவிடுவான்.
சும்மா நிற்கக் கூலியா என்பான் என் மைத்துனன்.
நின்று பார்த்தால் தெரியும்.

எங்கள் தொர்ரெயோன்காரர்களின் ருசி வேறு.
காளை வளையத்தின் புழுதியில் மேடை போட்டு
நான்கு பக்கமும் கயிறு கட்டினால்
இரண்டு வாங்கி மூன்று கொடுப்பவனுக்குத்தான்
பீர் குவளை உயரும்.
புருவம் கிழிந்து கண் மறைந்த பிறகும்
முன்னால் நடக்கிறவன்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை.
இவனோ
குத்து கிளம்பும்போது அங்கே இருந்தான்,
வந்து சேர்ந்தபோது இல்லை.

மயிரிழையில் தப்பினான் என்று
வானொலிக்காரன் தொண்டை கிழியக் கத்துவான்.
தப்பவில்லை ஐயா.
அந்த மயிரிழையில்தான் குடியிருந்தான்,
சாமான் செட்டோடு.

இறகு எடைப் பட்டத்துக்கு
லாஸ் மோச்சிஸிலிருந்து வந்தான் லடிஸ்லாவோ பர்ராசா.
முப்பத்தொரு சண்டையில் இருபத்தெட்டுப் பேரைப்
படுக்க வைத்தவன்.
ஒன்பதாம் சுற்றில் திடீரென்று நின்றான்,
தன் வீட்டுச் சாவி
தன் பூட்டில் நுழையாத ஆளைப்போல
கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கூட்டம் சீழ்க்கையடித்தது.
இங்கே சீழ்க்கை என்றால் காறித் துப்புவது மாதிரி.
"ஓடுகாலி! நின்று அடிடா!"
மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று கத்தியது
அவன் மாமியார் ஒப்துலியா.
இடுப்பில் பட்டம் பூட்டும்போதும்
சீழ்க்கை ஓயவில்லை.
அவன் காதோரம் நனைந்திருந்தது, பீர்.
அன்று அவன்மேல் பட்டது அது ஒன்றுதான்.

ஏழு முறை பட்டத்தைக் காத்தான்.
நேரான மூக்கைப் பார்த்துவிட்டு
குத்துச்சண்டைக்காரன் என்பதை
விமான நிலையக் காவலர் நம்பவில்லை.
கணக்கு எழுதுபவரா என்று கேட்டார்.
கிட்டத்தட்ட, என்றான்.

எட்டாவது, எர்மோசியோவில்.
இருபத்து மூன்று வயசுப் பையன்.
ஆறாம் சுற்றில் தலையும் தலையும் மோதின.
குத்து இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.
இடது புருவம் பிளந்தது.

அறுபது நொடி.
பதினோரு ஆண்டு காத்திருந்த கை
அப்போது பார்த்து நடுங்கியது.
குச்சியைக் கீழே போட்டேன், வேறொன்றை எடுத்தேன்.
முதுகுக்குப் பின்னால்
ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்று
அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.
முதல் முறையாக.
"எ-வா-ரிஸ்-தோ."
ரத்தம் கழுத்தில் இறங்கி மார்பைத் தொட்டிருந்தது.
மேலே வரச்சொன்ன விளக்கில்
அவன் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் மாதிரி
பார்த்தார்கள்.

அவனுக்கும் கேட்டது.
"சீக்கிரம் அடை, ஃபிதென்சியோ," என்றான்.
"இது எனக்குப் பிடித்துவிடும்போல் இருக்கிறது."

அடைத்தேன்.
நாற்பத்தெட்டாம் நொடியில் உலர்ந்தது புருவம்.
ஏழாம் சுற்றில்
அவன் பழையபடி இல்லாமல் போனான்,
கூட்டமும் பழையபடி சீழ்க்கைக்கு இறங்கியது.
ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று.
கொஞ்சம் தாமதித்து அடைத்திருக்கலாமோ என்று
சில ராத்திரி எழுந்து உட்கார்கிறேன்.

இப்போது அவன்
மத்தமோரோஸ் சாலையில் கார் பேட்டரி விற்கிறான்.
போன ஞாயிறு மகளுக்கு ஆறாவது பிறந்தநாள்.
மிட்டாய் அடைத்த காகிதக் கழுதையைத் தொங்கவிட்டு
குழந்தையின் கண்ணைக் கட்டித் தடியைக் கொடுத்தார்கள்.
தடி ஒப்துலியாவின் கொண்டையை இடித்தது,
விளக்கை உடைத்தது,
என் காதைக் கிழித்தது.
அவன் கையில் கேக் தட்டு.
நடுவிலேதான் நின்றான்.
கிரீம்கூடக் கலையவில்லை.

பஞ்சுக்குப் பையைத் துழாவினேன்.
பெட்டி வீட்டில் இருந்தது.
தட்டை வைத்துவிட்டு வந்தான்,
கைக்குட்டையை நான்காக மடித்தான்,
என் காதில் வைத்து அழுத்தினான்.

"அசையாதே," என்றான்.
அவன் சொன்னான் அதை.